உப்புப் பூ

ராணிப்பேட்டையில் முப்பத்தோரு வருஷம்
தோல் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை.
வடக்கு ஜன்னலோரம் மேஜை.
உண்ணி கடித்த வடு, வேலிமுள் கிழித்த கோடு,
உயிரோடிருந்தபோது சூடு போட்ட இடம்,
எதுவும் என்னைத் தாண்டிப் போனதில்லை.
சுண்ணக்கட்டியால் ஓரத்தில் ஒரு கீறல்,
அவ்வளவுதான் அந்த மாட்டின் கதை.

போன தை மாதம் ஒரு முழு லாட் திரும்பி வந்தது.
"இன்னா தனகோட்டி, கண்ணு கீதா இல்லியா?"
அஸ்லம் பாஷா சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
நான் சொல்லவில்லை:
கொஞ்ச நாளாகவே விளக்கைச் சுற்றி வட்டம்,
முத்துக்கடையில் எதிரே வரும் லாரி
தேர் மாதிரி ஜொலித்துக்கொண்டு வருகிறது என்று.
பூ விழுந்திருக்கும் என்றாள் சரோஜா.
நந்தியாவட்டையை நனைத்து
மூன்று ராத்திரி கண்மேல் வைத்தாள்.
பூவுக்குப் பூ.

பிறகு வேலூருக்குப் பஸ்.

தாடையை இங்கே, நெற்றியை அங்கே.
தோல் சீவும் கத்தியின் விளிம்பளவு வெளிச்சம்
கண்ணுக்குள் இறங்கியது.
அதுவரை பேசிக்கொண்டிருந்த டாக்டர் ஷைனி
பேச்சை நிறுத்தினார்.
மாணவர்களைக் கூப்பிட்டார்.
ஆறு பேர், ஒருவர்பின் ஒருவராய்.
ஊசி ஊசியாய்ப் படிகமாம் கார்னியா முழுக்க,
பச்சையும் சிவப்புமாய் மினுங்குகிறதாம்.
"ஐயோ, என்ன அழகு!" என்றுவிட்டு
ஒரு பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எத்தனை ஆயிரம் தோலை
வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருப்பேன்.
இன்றைக்கு என்னைப் பிடித்திருக்கிறார்கள்.
என்ன தரம் என்று கேட்க நினைத்தேன்.
அதற்குள் "கையை நீட்டுங்க, ரத்தம் எடுக்கணும்."

"கண்ணுக்குத்தானேம்மா வந்தேன்?"

ஷைனி மலையாளம் கலந்து நிதானமாகச் சொன்னார்.
கார்னியாவில் ரத்தக்குழாய் கிடையாது,
ஒரு சொட்டும் ஓடாது.
ஆனாலும் ரத்தத்தில் ஒரு புரதம் அளவு மீறினால்
கசிந்து கசிந்து அங்கே போய்ப் படியும்.
சிலருக்கு உடம்பு வாய் திறப்பதற்கு முன்னாலேயே
கண் சொல்லிவிடும்.

படம் போட்டுக் காட்டக் காகிதம் தேடினார்.
வேண்டியிருக்கவில்லை.
தண்ணியில்லாத ஆற்றங்கரையில் பிறந்தவன்.
மேலே ஒன்றும் ஓடாது, அடியில் ஓடும்.
தொழிற்சாலைக்குப் பின்னால் எங்களுக்கு அரை ஏக்கர்.
சித்திரையில் பாத்தியெல்லாம் வெள்ளையாய்
உப்புப் பூத்துக் கிடக்கும்.
ஒரு வருஷம் மண்ணைச் சுரண்டி
நாலு வண்டி அள்ளிக் கொட்டினோம்.
மறு வருஷம் பூத்தது.
அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று
எனக்குத் தெரியும்.
மாதம் முதல் தேதி
அங்கேதான் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினேன்.

"சுரண்டி எடுத்துட முடியாதா டாக்டர்?"
"முடியும். மறுபடி வரும்."
இருவரும் சற்று நேரம் சும்மா இருந்தோம்.

அறிக்கையில், மேடும் பள்ளமுமாய்ப் போன கோடு
ஒரே ஓர் இடத்தில் கோபுரமாய் நிமிர்ந்து நின்றது.
அப்புறம் இடுப்பெலும்பில் ஊசி.
அன்றைக்கு மட்டும் அழுதேன்.
பதினோரு நாள் கழித்துச் சொன்னார்கள்:
புற்று இல்லை, இப்போதைக்கு.
சரோஜா முதல் பாதியை வாங்கிக்கொண்டாள்.
நான் அடுத்ததை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன்.
மேஜை இப்போது அஸ்லம் பாஷாவின் மருமகனுக்கு.
நான் கட்டு எண்ணுகிறேன், விரலுக்கு அது போதும்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன்:
பெரிய டாக்டர் பரீட்சை, நீங்கள் ஒரு கேஸ்,
பஸ் சார்ஜும் மத்தியானச் சாப்பாடும் உண்டு.
போனேன்.
வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு.
வியர்த்து ஊறிய ஒரு பையன்
இடக்கண், வலக்கண், மறுபடி இடக்கண்.
பார்த்துவிட்டான், மூச்சில் தெரிந்தது.
என்னவென்றுதான் தெரியவில்லை.
பின்னால் யாரோ கடிகாரம் பார்த்தார்கள்.

ரத்தத்தைக் கேள் தம்பி, ரத்தத்தை.

இமைக்காமல் முடிந்தவரை திறந்து வைத்திருந்தேன்.
மேஜைக்கடியில் என் விரல்
வெறும் தொடைமேல்
எதையோ கீறிக்கொண்டிருந்தது.